காலுக்கு நாலாம் நாள்தான் முறை

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை உன் அறைக்கு வந்தவள் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாளே என்று உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். உன் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி காட்டத்தான் வந்தேன். அதைக்கூடப் பையிலிருந்து எடுக்கவில்லை. உன் கூட்டாளிகள் இரண்டு பேரும் உங்கம்மாவுக்கு என்னடா கோபம் என்று கேட்டிருப்பார்கள். கோபம் இல்லை கண்ணு, பயம். சரவணம்பட்டியில் பஸ் ஏறியவள், காந்திபுரம் வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்தே இருந்திருக்கிறேன். கண்டக்டர் வந்து, "ஏனுங்கம்மா, உடம்புக்குச் செரியில்லீங்களா?" என்று கேட்ட பிறகுதான் சூலூர் பஸ்ஸுக்கு மாற வேண்டும் என்பதே நினைவுக்கு வந்தது. அன்றே நேரில் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏழு வருடமாக மூடியிருந்த வாய், உன் கூட்டாளிகளுக்கு முன்னால் திடீரென்று எப்படித் திறக்கும்? அதனால்தான் எழுதுகிறேன். இப்போது மத்தியானம். கரண்ட் போய்த் தறிகள் நின்றிருக்கின்றன. தறிச் சத்தம் இல்லாத இந்த வீடு எனக்குப் பிடிப்பதில்லை, அது ஏன் என்றும் இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்குத் தெரிந்துவிடும்.

அன்று நான் பார்த்தது இரண்டு. முதலாவது, மாடிப்படியில் நீ இறங்கி வந்த விதம். இருபத்து மூன்று வயதுப் பையன், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, படிக்குப் படி நின்று நின்று இறங்கினாய். என்னடா என்றதற்குச் சிரித்தாய். போட்டிக்காக ஜிம்மில் நேற்றுக் காலுக்குப் பயிற்சி என்றாய். முந்தாநாள் என்றேன். அதுவும் கால்தான் என்றாய். அதற்கும் முந்தின நாள் என்று கேட்டேன், நீ என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினாய். இரண்டாவது, உன் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த காலண்டர் தாள். உரக்கடைக் காலண்டர், ஓரமெல்லாம் பழுப்பேறியது, கட்டத்துக்குக் கட்டம் நீல மசியில் என் கையெழுத்து. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பீரோ மேலிருந்த தகரப் பெட்டியை நீதான் இறக்கினாய். அதிலிருந்து எடுத்திருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இந்த மாதத்துத் தாள். அதிலும் கட்டத்துக்குக் கட்டம் எழுத்து, இது உன்னுடையது. "மாமா ஷெட்யூலுங்மா. மாசம் பாதியில நின்னுபோச்சு பாருங்க. காமாலை மட்டும் வராம இருந்திருந்தா அந்த வருசம் அவருதாங்மா பர்ஸ்ட்டு" என்று பெருமையாகக் காட்டினாய். நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

உன் நடராசு மாமா என் கூடப்பிறந்தவன் என்பதைவிட என் மூத்த பிள்ளை என்று சொன்னால்தான் சரி. என்னைவிடப் பத்து வயது சின்னவன். அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தேன். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது சீரோடு சீராக அவனும் வந்தான் என்று உன் அப்பா கேலி பேசுவார். பேசுவாரே ஒழிய, அவனுக்கு முட்டை வாங்காமல் ஒரு நாளும் வீடு திரும்பியதில்லை. நம்முடைய நாலு தறியையும் அவன்தான் ஓட்டினான். பகல் முழுக்க நின்றபடியே வேலை. அது முடிந்தால் நேராக ஜிம். அடுத்த தெருவில் தறி விற்றுக் காலியான ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து மாஸ்டர் ஒருவர் நடத்தினார். தகரக் கூரை. எடைத் தட்டுகளெல்லாம் ஏதோ பவுண்டரியில் பழைய இரும்பை உருக்கி வார்த்தவை, ஒன்றின் எடைக்கு ஒன்று சரியாக இருக்காது. அதைத் தூக்கித்தான் அப்படி ஒரு நெஞ்சும் தோளும் வந்தது அவனுக்கு. தலையில் முண்டாசோடு அவன் தெருவில் போனால் ஊரே திரும்பிப் பார்க்கும். எனக்கு அது தாங்க முடியாத பெருமை, அதை இப்போது மறைத்து என்ன பயன்.

மாஸ்டர் வைத்திருந்த முறை இது. உடம்பை மூன்றாகப் பிரித்திருந்தார். நெஞ்சும் தோளும் ஒரு நாள். முதுகும் கையும் ஒரு நாள். கால் ஒரு நாள். நாலாவது நாள் ஒன்றும் கிடையாது, சாப்பிட்டுத் தூங்க வேண்டியது. பிறகு மறுபடியும் நெஞ்சிலிருந்து. ஆக, எந்தச் சதைக்கும் மறு முறை வர நாலு நாளாகும். மாமாவுக்கு எது எந்த நாள் என்பது குழம்பிவிடும் என்று சமையலறைக் காலண்டரில் என்னை எழுதி வைக்கச் சொன்னான். நான் "நெஞ்சு", "முதுகு", "கால்" என்று எழுதி, நாலாவது கட்டத்தைச் சும்மா விட்டுவிடுவேன். எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் அப்பா வீட்டுக் கிணற்றில் மூன்று பங்காளிகளுக்கு முறை. ஒருவர் இறைத்து முடித்தால் அடுத்தவர் மோட்டாரைப் போடுவதற்குமுன் கிணறு ஊறட்டும் என்று விடுவார்கள். அவசரப்பட்டுப் போட்டால் சேறு வரும், அப்புறம் மோட்டார் புகையும். அதைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அந்தக் காலண்டர் தாளின் வருடத்துக்கு முந்தின வருடம் கோயம்புத்தூரில் நடந்த ஆணழகன் போட்டியில் மாமா இரண்டாவது வந்தான். நானும் உன் அப்பாவும் போயிருந்தோம். மேடையில் அவன் முதுகைக் காட்டி நின்றபோது கைதட்டல் கூரையைத் தொட்டது. திரும்பி நின்று தொடையை இறுக்கிக் காட்டச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் இருந்த ஒருவன், "மேல மட்டுந்தாம்பா ஆளு, கீழ கொக்குக் காலு" என்றான். அக்கம்பக்கம் சிரித்தது. மாமா காதில் அது விழுந்ததோ இல்லையோ, என் காதில் விழுந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது அவன் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தான். இரண்டாவது வந்ததே பெரிசுங்க்கா என்றான். எனக்குத்தான் ஆறவில்லை. அடுத்த போட்டிக்கு மூன்று மாதம் இருந்தபோது காலண்டருக்கு முன்னால் நின்று எண்ணிப் பார்த்தேன். மாதத்தில் ஏழு நாள், எட்டு நாள் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. பேனாவை எடுத்து ஒரு கட்டத்தில் "கால்" என்று எழுதினேன். அடுத்த வாரம் இன்னும் ஒன்று. சித்திரை பிறந்தபோது, நான் எழுதியவரைக்கும் அந்தத் தாளில் வெறுங்கட்டமே இல்லை. நெஞ்சு என்ற இடத்தில் நெஞ்சும் காலும், முதுகு என்ற இடத்தில் முதுகும் காலும். உன் சுவரில் இருப்பது அந்தத் தாள்தான். அது மாமா போட்ட ஷெட்யூல் இல்லை. ஒரு சதையின் பெயரும் முறையாகத் தெரியாத உன் அம்மா, ஒருவன் சிரித்த சிரிப்புக்குப் பதில் சொல்வதற்காகப் போட்டது.

மாமா முதலில் மறுத்தான். காலுக்கு நடுவில் நாள் விட வேண்டுமாம் அக்கா, மாஸ்டர் திட்டுவார் என்றான். அதற்கு நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன், நீ படிக்க வேண்டும். "மாட்டுக்கு ஞாயித்துக்கெழம தெரியுமாடா? எனக்குத் தெரியுமா? பொழுதெழுந்தா பொழுதுபோனா இந்த ஊட்ல யாருக்குடா ரெஸ்ட்டு? உனக்கு மட்டும் என்னடா காலு வெண்ணெயிலயா செஞ்சிருக்குது?" நம் பக்கத்து ஜனங்களுக்கு இது ஒரு வியாதி கண்ணு. உட்கார்ந்திருப்பவனைக் கண்டால் நமக்கு ஆகாது. காய்ச்சலில் படுத்தவனைக்கூடச் சோம்பேறி என்று ஜாடை பேசுவோம். ஓய்வு நாள் என்பதும் பயிற்சியில் சேர்ந்ததுதான் என்று மாஸ்டர் சொன்னதாக அவன் எத்தனை சொல்லியும் எனக்குப் புத்தியில் ஏறவில்லை. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாஸ்டருக்குத் தெரியாமல், ஜிம்மில் போடுவதைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தறி ஷெட்டில் சாக்கு மூட்டையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ ஆரம்பித்தான். நான் எண்ணினேன். நூறு. நூற்றைம்பது. முடியலீங்க்கா என்றால் இன்னும் பத்து என்பேன்.

மாஸ்டர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். ஒரு காலையில் வாசலுக்கு வந்தார், உள்ளே வரவில்லை. நல்ல வெயில், மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. "அம்மணி, காலுக்கு நாலாம் நாள்தாங்க முறை. பெரிய சதைங்க அது, ஆற நாளாகும். ஆறாத சதையத் திரும்பத் திரும்ப ஒடச்சா அது வளராதுங்க. கரஞ்சு போயிரும்" என்றார். நான் மோர் கொடுத்து அனுப்பினேன். போன பிறகு உன் அப்பாவிடம், இவருக்கு வேறு யாரையோ ஜெயிக்க வைக்க வேண்டும்போல என்று சொன்னேன். உன் அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாதது எனக்கு அன்று சம்மதமாகப் பட்டது.

போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. தண்ணீரைக் குறைத்தால் தோல் ஒட்டி நரம்பு எடுத்துக் காட்டும் என்று யாரோ சொல்லி, அந்த வெயிலில் மாமா நாளுக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்தியிருந்தான். இரண்டு நாளாகத் தொடை கல்லாட்டம் இருந்தது. தொட்டுப் பார்த்து, சதை பிடித்துக்கொண்டது பார் என்று நான் சந்தோஷப்பட்டேன். அது வீக்கம் என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் எழப்போனான், எழ முடியவில்லை. இரண்டு கையையும் கட்டில் சட்டத்தில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். புழக்கடைக்குப் போய்விட்டு வந்தவன் முகம் வேறு மாதிரி இருந்தது. "அக்கா, ஒண்ணுக்குக் காப்பித்தண்ணியாட்டம் போவுதுங்க்கா" என்றான். சூடு என்றேன். வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தேன். அன்றைக்கும் காலண்டரில் "கால்" என்றிருந்தது. போடாமல் விட்டால் இத்தனை நாள் போட்டது வீணாகிவிடுமே என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான் கண்ணு. மூட்டையைத் தூக்கினான். அது நாற்பதோ நாற்பத்தைந்தோ, அதற்குமேல் எனக்கு எண்ண வரவில்லை, ஏனென்றால் அவன் விழுந்துவிட்டான். உன் அப்பா ஓடிவந்து தறிகளை நிறுத்தினார். அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான். "அளவுக்கு மீறி வேலை வாங்குன சதை செத்து ரத்தத்துல கலந்திருச்சுங்க. அத வடிகட்ட முடியாம ரெண்டு கிட்னியும் நின்னுபோச்சு" என்றார் டாக்டர். எத்தனை நாளாக இந்தக் காலுக்கு இவ்வளவு வேலை என்று கேட்டார். தெரியாதுங்க என்றேன். காலண்டரில் எழுதியவள், மூட்டைக்குப் பக்கத்தில் நின்று எண்ணியவள், தெரியாது என்றேன். மூன்றாம் நாள் இருதயம் நின்றுவிட்டது. நீ அப்போது நாமக்கல் பக்கம் விடுதியில் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாமாவுக்கு என்னங்மா என்று கேட்டாய். காமாலை என்று சொன்னேன். உன்னிடம் சொன்னதையே உறவுக்காரர்களிடமும் சொன்னேன், ஊரிலும் சொன்னேன். உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும். அவர் அன்றிலிருந்து வீட்டுக்கு முட்டை வாங்கி வருவதில்லை.

அந்தப் பொய் என்னோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. காமாலை என்றதும் ஊர் கேட்டது, கல்லாட்டம் இருந்த பையனுக்குக் காமாலை எப்படி வந்தது, மாஸ்டர் ஏதோ ஊசி போட்டு ஈரலைக் கெடுத்துவிட்டான் என்று. ஒரே மாதத்தில் அந்த ஜிம்முக்கு ஆள் வருவது நின்றது. யாரோ தகரக் கதவில் கரியால் அசிங்கமாக எழுதிவிட்டுப் போனார்கள். மாஸ்டர் ஒரு நாள் நம் வாசல்வரை வந்தார், நான் சன்னலில் நின்று பார்த்தேன், கதவைத் திறக்கவில்லை. தட்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போனார் என்றார்கள். நாலாம் நாள்தான் முறை என்று வெயிலில் நின்று சொன்ன மனிதர். அவரைக் கொலைகாரன் என்று ஊர் பேசியபோது நான் வாயைத் திறக்கவில்லை. உன் அம்மா நல்லவள் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இது தெரிந்த பிறகு என்ன நினைத்தாலும் சரி, நினைத்துக்கொள்.

இப்போது உனக்கு. உன் வயதில் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னால் கசக்கும், அதனால் மாஸ்டர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். தூக்கும்போது சதை உடைகிறது, தூங்கும்போதுதான் கட்டுகிறது. கெண்டைச் சதையும் வயிறும் சின்னது, சீக்கிரம் ஆறும். தொடையும் முதுகும் பெரியது, அதற்கு நாள் கொடு. வாரத்துக்கு இரண்டு முறைக்குமேல் ஒன்றைத் தொடாதே. நேற்றைய வலி இருக்கும்போது அதே இடத்தில் மறுபடியும் எடை ஏற்றாதே. வலி போகாவிட்டால் நாலாவது நாளும் தொடாதே. போட்டிக்காகத் தண்ணீரைக் குறைக்காதே. ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டாளி தண்ணீர்ச் சொம்பை நீட்டினான், நீ வேண்டாம் என்று கையைக் காட்டினாய். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது, ஒரு தாய் வளர்ந்த மகனிடம் கேட்கக் கூசுகிற கேள்வி. கூச்சப்பட்டு வந்துவிட்டேன். இரண்டு நாளாக அந்தக் கூச்சத்தை நினைத்து என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. என்ன நிறத்தில் போகிறது கண்ணு?

நேற்று நீ குடியிருக்கும் வீட்டுக்காரர் போனுக்குப் பேசினேன். உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீ மாடியிலிருந்து இறங்கி வர எவ்வளவு நேரமானது என்று உனக்குத் தெரியுமா? நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வந்ததும், போட்டி முடியட்டுங்மா, எதுவா இருந்தாலும் கல்யாணத்துக்கு வரும்போது பேசலாம் என்று வைத்துவிட்டாய். கல்யாணத்தில் உன் தங்கச்சி உனக்கு இணைச்சீர் செய்ய வேண்டும். சேலையின் ஒரு தலைப்பு அவள் கையிலும் மறு தலைப்பு உன் கையிலுமாக நீங்கள் இரண்டு பேரும் நிற்க வேண்டும். அதற்காக அவள் இப்போதே சேலைக் கடைக்கு மூன்று தரம் போய்விட்டாள். என் தம்பிக்கு நான் நிற்பதற்கென்று எடுத்து வைத்த சேலை அந்தத் தகரப் பெட்டியில், அந்தக் காலண்டர் தாள்களுக்கு அடியில் இருக்கிறது. நீ தாளை எடுத்தபோது பார்த்திருப்பாய். மடிப்புக் கலையாத அரக்குச் சேலை. அந்தப் போட்டி முடிந்த கையோடு அவனுக்கும் பெண் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். இன்னொரு சேலையை அந்தப் பெட்டியில் வைக்க எனக்குத் தெம்பில்லை.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. தபாலை நம்பி இரண்டு நாள் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. உன் அப்பா டாக்ஸிக்குச் சொல்லப் போயிருக்கிறார், இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடுவோம். அங்கே வந்து எதுவும் பேசமாட்டேன், பேசினால் அழுதுவிடுவேன், நீ சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவாய். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்பேன். கீழே ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி நின்றுகொண்டிருக்கும். உன் கட்டிலில் உட்கார்ந்தே படி, அவசரமில்லாமல் ஒன்றுவிடாமல் படி.

படித்துவிட்டாயல்லவா? இப்போது கையை எங்கேயும் ஊன்றாமல் எழுந்து நில் கண்ணு. அம்மா பார்க்கிறேன்.